நாலாம் கற்பனையும் நடுவீட்டுக் கட்டிலும்



புதுநன்மைக்கு ஆயத்தம் செய்யும் சிறு பிள்ளையைக் கேட்டாலும், தாய் தகப்பனைச் சங்கிக்க வேண்டுமென்பது நாலாம் கற்பனை என்று தடங்கலின்றிச் சொல்லும். ஆனால் அந்தக் கற்பனையின் முழுப் பாரமும் சிறு வயதில் தெரிகிறதில்லை. நமக்கு ஐம்பது வயதாகி, நம்மைப் பெற்றவர்களுக்கு எண்பது ஆகும்போதுதான் அது நம் தோளில் இறங்குகிறது.

பரிசேயர் காலத்தில் சிலர், பெற்றோருக்குக் கொடுக்க வேண்டிய பொருளைக் கொர்பான், அதாவது தேவ காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இடமிருந்தது. இது தேவ கற்பனையையே அவமாக்குகிறதென்று கர்த்தர் கடிந்துகொண்டார் (அர்ச். மாற்கு, 7-ம் அதிகாரம்). வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறவன், தாயாரின் மருந்துச் சீட்டை மூன்று நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தால், அந்தக் கண்டனம் அவனுக்கும்தான். தேருக்கு உபயம் கொடுக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. முதல் கடன் வீட்டில் இருக்கிறதென்று சொல்லுகிறோம்.

முதுமையின் தேவை படிப்படியாய் வருகிறது. முதலில் பேச்சுத்துணை போதும். பிறகு கோவிலுக்கு வரக் கைப்பிடிக்க ஒருவர் வேண்டும். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும், இராத்திரியில் ஒரு சிறு விளக்கும் வேண்டும். பிறகு சோறு ஊட்ட வேண்டும். படுக்கையோடு கிடந்தால், முதுகு புண்ணாகாதபடி இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். போன வருஷம் போதுமாயிருந்த ஒத்தாசை இந்த வருஷம் போதாது.

சிலருக்கு ஞாபகம் தப்பும். சாப்பிட்டு எழுந்தபின், தமக்குச் சோறு போடவில்லையென்று பக்கத்து வீட்டில் சொல்லுவார்கள். பெற்ற மகளையே யாரென்று கேட்பார்கள். இது பிடிவாதமல்ல, வியாதி. வாதாடாதேயுங்கள்; வைத்தியரிடம் காட்டுங்கள். தகப்பனுக்குப் புத்தி குன்றினாலும் பொறுத்து நடக்க வேண்டுமென்று சீராக் ஆகமம் 3-ம் அதிகாரம் போதிக்கிறது.

இந்தப் பாரமெல்லாம் யார் தலையில்? அநேக வீடுகளில் ஒரே மருமகள் தலையில், அல்லது கலியாணமாகாத மகள் தலையில். மற்றவர்கள் கிறிஸ்மஸுக்கு வந்து, அம்மா ஏன் இப்படி மெலிந்தார்கள் என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். சகோதரரே, சொத்தைப் பாகம் பிரித்தது போல இராக்கண்விழிப்பையும் பாகம் பிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் தகப்பன் ஒரு வீட்டில், தாய் ஒரு வீட்டில் என்று பிரிக்காதேயுங்கள். சர்வேசுரன் சேர்த்து வைத்தவர்களைப் பிள்ளைகள் பிரிக்கலாமோ? பார்த்துப் பார்த்துக் களைத்துப்போனவள் உதவிக்கு ஆள் கேட்பது பாவமுமல்ல, அவமானமுமல்ல.

பிரான்சு தேசத்தில் ழான் ஜுகான் என்னும் ஏழை வேலைக்காரி, 1839-ம் வருஷம் குளிர்காலத்தில், கண் தெரியாத, பாதி உடல் விழுந்த ஒரு கிழவியைத் தன் வீட்டுக்குச் சுமந்து வந்து, தன் படுக்கையையே கொடுத்தாள். தான் மேலே பரணில் போய்ப் படுத்தாள். 2009-ல் திருச்சபை அவளை அர்ச்சியசிஷ்டவளாகப் பிரசித்தப்படுத்தியது. அவள் சுமந்தது அந்நியக் கிழவியை. நம் வீட்டில் கிடப்பதோ நம்மை இடுப்பில் சுமந்தவள்.

ஆத்தும காரியத்தையும் மறவாதேயுங்கள். முன்னோர் அவஸ்தைப்பூசுதல் என்று சொன்ன நோயில்பூசுதல் சாகுந்தறுவாய்க்கு மாத்திரமல்லவென்று 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக்கியது. வியாதியாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே குருவானவரைக் கூப்பிடுங்கள்; அறிவு தப்பினபின் ஓடி வராதேயுங்கள்.

சிலுவையில் தொங்கின வேளையிலும் கர்த்தர் தம் மாதாவை மறக்கவில்லை. அருளப்பரிடம் ஒப்புவித்தார், அவரும் மாதாவைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒப்புவிக்கப்பட்டவர் ஒருவர் இருக்கிறார்.

இந்த வாரத் தீர்மானம்: ஒவ்வொரு நாளும் கால் மணி நேரம் அந்தக் கட்டிலருகே உட்காருங்கள். அவர்கள் நூறு முறை சொன்ன கதையை நூற்றோராம் முறையும் கேளுங்கள். பிறகு, அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். ஆமென்.