அயல்தேசத்துக் கோவில்

வெளிநாட்டில் பெரிய பேராலயத்துக்குப் போனால் நுழைவுச்சீட்டு கேட்பார்கள். கிராமத்துக் கோவிலில் 'எந்த ஊர்?' என்று கேட்பார்கள். உறவு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

எத்தியோப்பிய மலைக்கிராமக் கோவில்களில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், மேலே வெள்ளைத் துணிப் போர்வை, நடுவே மேளச் சத்தம். இதையெல்லாம் நம்மூரில் 'பழைய பட்டிக்காட்டு வழக்கம்' என்று கூசுகிறவர்கள் ஒருநடை அங்கே போய்வரலாம். 4-ஆம் நூற்றாண்டில், எசானா அரசன் காலத்திலேயே, கிறிஸ்தவம் வேரூன்றிய மண் அது.

வழிபாடு கீஸ் என்ற பழைய மொழியில், மணிக்கணக்கில் நடக்கும். வந்தவருக்குப் புரியாது, பக்கத்தில் கைத்தடி ஊன்றி நிற்கும் பெரியவருக்கே பாதிதான் புரியும். இருவருக்கும் கால் வலிப்பது ஒன்றுபோல்தான். நற்கருணை வேற்றுச் சபையாருக்குக் கிடையாது. அது அவர்களுடைய ஒழுங்கு, முகம் சுளிக்கத் தேவையில்லை. பண்டிகை நாளென்றால் வெளியே ரொட்டியைப் பிட்டுப் பகிர்வார்கள். அந்தப் பந்தியில் யாரும் சபை விசாரிப்பதில்லை.