நூற்றெட்டும் ஒன்பதும்

ஜபமாலையில் மணிகள் நூற்றெட்டாக இருப்பானேன் என்று கேட்டால், ஒன்றையும் பூஜ்யத்தையும் எட்டையும் கூட்டினால் ஒன்பது வருகிறதே, அந்த ஒன்பதை எதனால் பெருக்கினாலும் விடையின் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் மறுபடியும் ஒன்பதிலேயே வந்து நிற்கிறதே என்று சமாதானம் சொல்பவர்கள் நம்மிடையே அநேகர். ஒன்பதுக்கு அப்படி ஒரு விசேஷம் இருப்பது வாஸ்தவந்தான்; அது ஒன்பதின் ஸ்வரூபத்தைச் சேர்ந்ததா, நாம் எண்ணை எழுதும் முறையிலிருந்து அதன்மேல் ஏறியதா என்பதே விசாரிக்கத்தக்கது.

பத்தை ஒன்பதால் வகுத்தால் மீதி ஒன்று. நூறை வகுத்தாலும் ஒன்று, ஆயிரத்தை வகுத்தாலும் ஒன்று. ஆகவே ஓர் இலக்கம் எந்த ஸ்தானத்தில் நின்றாலும் ஒன்பதின் கணக்கில் அதன் சொந்த மதிப்பே மிஞ்சுகிறது. கூட்டல் வித்தையின் ரகசியம் இவ்வளவே. எட்டெட்டாக எண்ணும் ஜனங்கள் இருப்பார்களானால், இந்த மகிமை முழுவதும் ஏழுக்குப் போய்விடும். அவர்கள் நம் நூற்றெட்டை 154 என்று எழுதுவார்கள்: ஓர் அறுபத்துநான்கு, ஐந்து எட்டு, ஒரு நான்கு. இலக்கங்களைக் கூட்டினால் பத்து! அவ்வளவு தூரம் போவானேன்? நம் பழைய முறையில் நூற்றெட்டு ௱௮ என்றே எழுதப்பட்டது. நூறுக்கு ஒரு குறி, எட்டுக்கு ஒரு குறி. கூட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, பூஜ்யமும் இல்லை.

செம்பருத்தியின் அருகில் வைத்த ஸ்படிகம் சிவப்பாகத் தோன்றுவதை உபாதியால் வந்தது என்பார்கள் வேதாந்திகள். இலக்கக் கூட்டல் அத்தகைய சிவப்பு. 1697-ல் லைப்னிஸ் என்ற ஜெர்மானிய தத்துவஞானி, ஒன்றையும் பூஜ்யத்தையும் மட்டும் கொண்டு எல்லா எண்களையும் எழுதிவிடலாம் என்பதில், ஈசுவரன் சூனியத்திலிருந்து உலகைப் படைத்ததற்கு ஒரு சாயலைக் கண்டு பிரன்ஸ்விக் கோமகனுக்குக் கடிதம் எழுதினார். அத்தனை பெரிய மேதைக்கும் அந்தச் சிவப்பின் மீது ஒரு மோகம் இருந்திருக்கிறது.

ஆனால் நூற்றெட்டில் ஒன்பது பன்னிரண்டு முறை அடங்குகிறது என்பது எந்த உபாதியாலும் வந்ததன்று. எட்டின் முறையில் ஒன்பதை 11 என்று எழுதுவார்கள். 154-இன் கடைசி இலக்கத்திலிருந்து தொடங்கி, நான்கில் ஐந்தைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் பூஜ்யம் வருகிறது, அதுவே அவர்களுக்கு அடையாளம். மூன்றின் முறையிலோ நூற்றெட்டு 11000, ஒன்பது 100. கடைசியில் நிற்கும் பூஜ்யங்களே வகுபடும் என்று காட்டிவிடுகின்றன, கணக்கே வேண்டியதில்லை. சாட்சிகள் வெவ்வேறு விதமாகப் பேசினாலும் சம்பவம் ஒன்றே. சாட்சியைக் காரணமாகக் கொண்டதுதான் நம்மவர் செய்த பிசகு.

எண்ணே புத்தியின் கற்பனையானால் என்ன செய்வது என்ற ஆட்சேபம் எஞ்சுகிறது. இரண்டு முதலிய எண்கள், 'இது ஒன்று, இது ஒன்று' என்று சேர்த்துப் பார்க்கும் அபேக்ஷா புத்தியால் உண்டாகின்றன என்பது வைசேஷிகர் கொள்கை. ஆயினும் அவர்கள் எண்ணைப் புத்தியின் குணமாகச் சொல்லவில்லை. புத்தி நிமித்தமாய் நிற்க, எண் பொருளிலேயே குடியிருக்கிறது என்றார்கள். இந்தப் பாகுபாடு எனக்கு மிகவும் உசிதமாகப் படுகிறது. ஏனெனில் மாலையை அறுத்து மணிகளை ஏழேழாகப் பிரித்தால், எண்ணுபவன் எத்தனை விரும்பினாலும், மூன்று மணிகள் மீந்தே தீருகின்றன.