குடிலனை நம்பாதீங்க!

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காலைக் கூட்டத்தில் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்து ஒரு நாடக நூலின் பாயிரத்திலிருந்து எடுக்கப்பட்டது. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம் அந்த நூல். பாயிரத்தைப் பிள்ளைகள் மனப்பாடமாகப் பாடுகிறார்கள். அதற்குப் பின் வரும் நாடகத்தை அவர்களில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருப்பார்கள்? லிட்டன் பிரபுவின் 'இரகசிய வழி'யைத் தழுவியது, அங்கம் ஐந்து, களம் இருபது என்பதெல்லாம் தெரியும். ஒரு மதிப்பெண் வினாவுக்கு அது போதும். நாடகத்துக்குப் போதாது.

இது படிப்பதற்கென்று எழுதப்பட்ட நாடகம், மேடைக்கு ஒத்துவராது என்றொரு பேச்சு வெகுகாலமாக உண்டு. முழு நூலையும் அப்படியே ஆடுவது கடினம்தான். நீண்ட தனிமொழிகள், இடையே சிவகாமி சரிதம் என்னும் கிளைக்கதை, தத்துவ விசாரம் என்று நிறைய இருக்கின்றன. ஆனால் நடுவே துடிப்பது அசல் நாடகம். பாண்டியன் சீவகன் நல்லவன், எளிதில் நம்புகிறவன். அமைச்சன் குடிலனுக்கோ அரியணைமேல் கண். விசுவாசமுள்ள நாராயணன் எச்சரித்தும் அரசன் காதில் ஏறவில்லை. சேரன் புருடோத்தமனிடம் தூது போன குடிலன் மகன் பலதேவனின் செருக்கால் போர் மூள்கிறது. தோற்றுப்போன அரசன், எந்தக் குடும்பத்தால் கெட்டானோ அந்தக் குடும்பத்துக்கே மகள் மனோன்மணியைக் கொடுக்க நள்ளிரவில் மணமேடை போடுகிறான்.

இதைத் தாளில் படிக்கும் மாணவி 'குடிலன் வஞ்சகன்' என்று அடிக்கோடிட்டுக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவாள். அதே வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, நாலடி தூரத்தில் ஒருவர் குடிலனாக நின்று, தன் திட்டத்தை அவளிடமே சொன்னால்? தனிமொழியின் வேலை அதுதானே. கதைக்குள் வேறு யாருக்கும் தெரியாத இரகசியம் பார்ப்பவர்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. அடுத்த நிமிடம் சீவகன் வந்து அந்தக் குடிலனிடமே யோசனை கேட்கிறான். அவளுக்குத் தெரியும், அரசனுக்குத் தெரியாது. "அவனை நம்பாதீங்க!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழும். அதை யாரும் அதட்டி அடக்கக் கூடாது. பாத்திரப் படைப்பு, கதைக்கோப்பு என்று பக்கம் பக்கமாக நாம் விளக்கப் பார்ப்பதெல்லாம் அந்த ஒரு கூச்சலுக்குள் இருக்கிறது.

மாடர்ன் தியேட்டர்ஸ் 1942இல் மனோன்மணீயத்தைப் படமாக்கியது, பி. யு. சின்னப்பா நடித்தார். ஆனால் திரையில் தெரிவது என்றோ நடந்து முடிந்தது. கூவினாலும் மாறாது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். மேடையில் மூச்சுவிடும் மனிதர் நிற்கிறார். கூப்பிட்டால் திரும்பிவிடுவார் போலிருக்கிறது. திரும்புவதில்லை. ஒரு நல்லவன் ஏமாறுவதைத் தடுக்க முடியாமல் பார்த்திருக்கும் அந்தத் தவிப்பை வேறெந்தப் பாடமும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. தனக்கு எந்த உறவுமில்லாத ஒருவனுக்காக நெஞ்சு பதற வைப்பதுதான் இலக்கியம் நமக்குச் செய்யும் பெரிய உபகாரம் என்று நான் நம்புகிறேன். பதறிய பிள்ளைக்குத்தான் சொற்கள் தேவைப்படுகின்றன. என்ன சொல்லி ஏமாற்றினான் என்று நூலைத் திறந்து தேடும். நாமோ சொற்பொருளை முதலில் ஊட்டிவிட்டு, பதற்றம் பின்னால் தானாக வரும் என்று காத்திருக்கிறோம். வருவதில்லை.

செய்யுள் நடை பிள்ளைகளுக்குப் புரியாது என்பார்கள். இந்நாடகத்தின் பெரும்பகுதி ஆசிரியப்பா; வாய்விட்டுச் சொன்னால் பேச்சுக்கு நெருக்கமாக வந்துவிடும். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் சிறுவர் நாடகக் குழுவான தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் 1918இல் சேர்ந்தபோது, பின்னாளில் நாடக நடிகரான தி.க. சண்முகத்துக்கு வயது ஆறு. அந்த வயதில் சுவாமிகளின் பாட்டும் வசனமும் கேட்டுக் கேட்டே படிந்தன. நாடகக் கம்பெனி வாழ்க்கையின் கடுமை இன்று எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். ஆனால் காது வழியே தமிழ் எவ்வளவு சுலபமாக உள்ளே போகும் என்பதற்கு அந்தச் சிறுவர்களைவிட வேறு சாட்சி தேவையில்லை.

தமிழாசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முழு நாடகமும் வேண்டாம். கடைசி அங்கத்தின் மணமேடைக் காட்சி போதும். கனவில் மட்டுமே கண்ட புருடோத்தமன் சுரங்க வழியாக நேரில் வந்து நிற்க, மனோன்மணி மாலையை அவனுக்குச் சூட்டுகிறாள். வழியைக் காட்டிக்கொடுத்த குடிலன் விலங்கோடு நிற்கிறான். இதற்கு ஜரிகை உடையும் ஒலிபெருக்கியும் எதற்கு? அரசனுக்குத் தோளில் ஒரு துண்டு போதும். குடிலனாக ஆசிரியரே நடிக்கலாம். பக்கத்து ஊரில் கூத்துக் கலைஞர் இருந்தால் அவரை அழைக்கலாம். ஆண்டு விழாவுக்கென்று நன்றாகப் பேசும் நாலு பேரைப் பொறுக்கி எடுக்காமல், வகுப்பு முழுவதையும் சுற்றி உட்கார வையுங்கள். சொற்பொருளும் தேர்வுக் குறிப்பும் மறுநாள் இருக்கட்டும். இந்தக் கல்வியாண்டிலேயே இதற்கு இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள்.