அவசரத்தின் விலை

துபாயிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வரும் ஒரு விமானத்தில், ஒரே வரிசையில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரத்தில் இருப்பவர் குற்றாலச் சாரலில் நாலு நாள் நனைந்துவிட்டுப் போக வருகிறார். நடுவில் இருப்பவர் வியாபாரி. ஏதோ ஒரு சரக்குக்கு நேரில் பார்த்து விலை பேச வருகிறார். மூன்றாமவர் கடையநல்லூர்க்காரர். நேற்று இரவு அவருடைய தகப்பனார் காலமாகிவிட்டார்.

மூவருக்கும் ஒரே அளவு நாற்காலி. முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டிய சிரமமும் மூவருக்கும் ஒன்றுதான். ஏறத்தாழ நாலு மணி நேரத்தில் மூவரும் ஒரே தரையில் இறங்கப் போகிறார்கள். ஆனால் மூவரும் கொடுத்த கட்டணம் ஒன்றல்ல. சாரலுக்கு வருகிறவர் மூன்று மாதம் முன்பே டிக்கெட் வாங்கினார். அவர் கொடுத்தது குறைவு. வியாபாரி போன வாரம் வாங்கினார். அவர் கொடுத்தது அதிகம். தகப்பனாரைப் பறிகொடுத்தவர் இன்று காலையில் வாங்கினார்; எல்லோரையும்விட அதிகமாகக் கொடுத்தவர் அவர்தான்.

இது நியாயமா? வியாபாரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். "இதில் நியாயம் அநியாயம் எங்கிருந்து வந்தது? கிராக்கிக்குத் தகுந்த விலை!" என்பார்கள். அந்தப் பதிலோடு திருப்தி அடைந்துவிட முடியுமா என்பதைத்தான் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தென்காசிப் பக்கத்தில் இது வெறும் தத்துவக் கேள்வி அல்ல. தென்காசியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் சிங்கப்பூருக்குக் கப்பலேறிப் பிழைக்கப் போனவர்களின் கதை பழையது. போன இடத்தில் சங்கம் வைத்தார்கள். 1946-இல் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடமே நிறுவினார்கள். பிறகு வளைகுடா நாடுகளின் வாசல் திறந்தது. அடுத்த தலைமுறை அந்தப் பக்கம் திரும்பியது. 2019-இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. ஆனால் விமானம் ஏற வேண்டுமானால் இன்றைக்கும் மேற்கே செங்கோட்டையைக் கடந்து, ஆரியங்காவு மலைப்பாதை வழியாக 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போய்த் திருவனந்தபுரத்தில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் வடக்கே மதுரைக்குப் போக வேண்டும். ஆகவே இங்கே பல வீடுகளில், அரிசி விலையை விசாரிப்பதைப் போல, "துபாய் டிக்கெட் இப்போ என்ன விலை?" என்று விசாரிப்பது சகஜம்.

மலிவான டிக்கெட் பிடிப்பது ஒரு கலை. அந்தக் கலையில் தேர்ந்தவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். மாதக் கணக்கில் முன்கூட்டியே வாங்க வேண்டும். வெள்ளி, சனியை விட்டுவிட்டு வாரத்தின் நடுவில் புறப்பட வேண்டும். பெருநாள், ஓணம், பள்ளி விடுமுறை ஆகியவற்றின் பக்கமே போகக் கூடாது. நேர் விமானத்தைத் தவிர்த்து, கொழும்பிலோ மஸ்கட்டிலோ இறங்கி, சில மணி நேரம் நாற்காலியில் தூங்கி, வேறு விமானம் ஏற வேண்டும். திருவனந்தபுரம், மதுரை, கொச்சி, சென்னை என்று நாலு ஊர் விலையையும் ஒப்பிட வேண்டும். ஒப்பிடும்போது அந்த ஊருக்குப் போகிற கார்க் கூலியையும், பெட்டிக்குத் தனியாக வாங்குகிற கட்டணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை வாடகைக் காரில் விட்டுவிட்டு வருவோம்.

தென்காசிக் கடைத்தெருவில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் நண்பர் ஒருவர் இந்தக் கலையின் சாரத்தை என்னிடம் இரண்டே வரியில் சொல்லிவிட்டார்.

"அண்ணாச்சி, மலிவு டிக்கெட் கேட்டு வாறவங்ககிட்டே கையிலே எவ்வளவு இருக்குன்னு நான் கேக்கிறதே இல்லே. 'என்னைக்குப் போகணும்?'னுதான் கேப்பேன். 'எப்பப் போனாலும் சரி'ன்னு சொன்னா அவருக்கு மலிவு உண்டு."

"'நாளைக்கே போகணும்' என்று சொன்னால்?" என்று கேட்டேன்.

"அப்பிடிச் சொன்னா மேற்கொண்டு ஒண்ணும் கேக்க மாட்டேன். முதல்லே ஒரு டம்ளர் தண்ணி கொடுப்பேன். அப்புறந்தான் விலையைச் சொல்லுவேன்."

விஷயம் முழுவதும் அவர் பேச்சில் அடங்கியிருக்கிறது. மலிவுக்கான உபாயங்களை மறுபடியும் வரிசையாகப் பாருங்கள். முன்கூட்டியே வாங்கு; நடுவாரத்தில் போ; விடுமுறையைத் தவிர்; வழியில் காத்திரு. இவற்றில் ஒன்றாவது பணத்தைப் பற்றியதா? எல்லாம் காலத்தைப் பற்றியவை. தன் காலத்துக்குத் தானே எஜமானனாக இருப்பவனுக்கே மலிவு. தன் காலம் பிறர் கையில் இருப்பவனுக்கு அது எட்டாது.

யாருடைய காலம் பிறர் கையில் இருக்கிறது? பெரும்பாலும் ஏழையினுடையது. கட்டட வேலைக்குப் போனவனுக்கு லீவு எப்போது கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது மேஸ்திரியும் கம்பெனியும். அவன் மூன்று மாதம் முன்பே டிக்கெட் வாங்கி வைத்தால், லீவு தள்ளிப்போகும்போது அந்தப் பணம் பெரும்பாலும் போனதுதான். குடும்பத்தோடு இருப்பவனுக்கோ பள்ளி விடுமுறை எஜமானன். வளைகுடாப் பள்ளிகள் ஜூலை, ஆகஸ்டில் மூடுகின்றன, எல்லோரும் ஒரே சமயத்தில் ஊருக்குப் புறப்படுகிறார்கள், கட்டணம் மலையேறுகிறது. வேடிக்கை என்னவென்றால், குற்றாலத்தில் சாரல் அடிப்பதும் அதே மாதங்களில்தான். பிள்ளைகளை ஐந்தருவியில் குளிக்க வைக்க ஆசைப்படும் தகப்பன் அங்கே விமானத்துக்கும் இங்கே விடுதி அறைக்கும் சீசன் விலை கொடுக்கிறான். எப்படியும் அருவி மட்டும் சீசனுக்கு ஒரு விலை, மற்ற நாளுக்கு ஒரு விலை என்று விழுவதில்லை.

ஆனால் எதிர்த் தரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. விமானக் கம்பெனிக்காரன் சொல்வதிலும் ஞாயம் உண்டு. விற்காத துணியை நாளைக்கு விற்கலாம். விற்காத ஆசனம் விமானம் புறப்பட்ட கணத்திலேயே செத்துப் போகிறது. அதைக் காலியாக விடுவதைவிடக் குறைந்த விலைக்குக் கொடுப்பது லாபம். அதே சமயம் எல்லா ஆசனத்தையும் மலிவாக முன்னமே விற்றுவிட்டால், கடைசி நாளில் அதிகம் கொடுக்கத் தயாராக வருகிறவனுக்கு இடம் இருக்காது. எத்தனை ஆசனத்தை மலிவாக விடுவது, எத்தனையைக் கடைசி வரையில் பிடித்து வைப்பது? 1972-இல் பிரிட்டிஷ் கம்பெனியான பி.ஓ.ஏ.சி.யில் இருந்த கென் லிட்டில்வுட் என்பவர் இதற்கு ஒரு கணித விதியை வகுத்தார். 1978-இல் அமெரிக்கா உள்நாட்டு விமானக் கட்டணங்களின்மீது இருந்த அரசாங்கக் கட்டுப்பாட்டை எடுக்கத் தொடங்கியது. 1985 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், முன்கூட்டியே வாங்குவோருக்கு மட்டும் மிகக் குறைந்த கட்டணம் என்று அறிவித்தது. மற்ற ஆசனங்களைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் காத்து வைத்தது. இன்று உலகமெங்கும் நடப்பது பெரும்பாலும் இந்த விதியின் வாரிசுதான்.

இதனால் நன்மை விளையவில்லையா? விளைந்தது. ஆகாய விமானம் சீமான்களின் வாகனமாக இருந்த காலம் போய், கொத்தனாரும் செவிலியும் ஏறும் வாகனமாயிற்று. 2005 ஏப்ரலில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்குத் தன் முதல் விமானத்தை விட்டது வளைகுடாத் தொழிலாளியை மனத்தில் வைத்துத்தான். கடைசி நாள் பிரயாணி அதிகம் கொடுப்பதால்தான் முதல் நாள் பிரயாணி குறைவாகக் கொடுக்க முடிகிறது. இந்த வாதத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். வியாபாரியிடம் அதிகம் வாங்குவதில் எனக்கு ஆட்சேபமும் இல்லை. அவன் லாபத்தை நோக்கி ஓடுகிறான். ஓட்டத்தின் செலவை லாபத்தில் கழித்துக்கொள்வான்.

மூன்றாவது நாற்காலிக்கு வரும்போதுதான் வாதம் தடுமாறுகிறது.

சாவுக்குப் போகிறவன் எந்த லாபத்தை நோக்கி ஓடுகிறான்? கப்பல் காலத்தை நினைத்துப் பாருங்கள். 'ராஜுலா' கப்பல் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த நாளில், ஊரில் ஒரு சாவு என்றால் சிங்கப்பூரில் இருந்த மகனால் வந்து சேர முடியாது. அவன் அங்கேயே அழுதான். காரியம் இங்கே நடந்து முடிந்தது. அது கொடுமைதான். ஆனால் அந்த அவசரத்தை விற்பதற்கு அன்று ஆள் கிடையாது. 'நாளைக்குள் போய்விடலாம்' என்ற சாத்தியத்தை விமானம் உண்டாக்கிற்று. உடனே அந்தச் சாத்தியத்துக்கு ஒரு விலை உண்டாயிற்று. இஸ்லாமியர் வீட்டில் அடக்கத்தைத் தள்ளிப்போட விரும்பமாட்டார்கள். இந்து வீட்டில் மகன் வந்து கொள்ளி வைக்கட்டும் என்று குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருப்பார்கள். இரண்டு வீட்டிலும் மகனுக்குக் கிடைத்திருப்பது சில மணி நேரமே. அந்த மணிகளுக்குத்தான் மிக உயர்ந்த விலை.

வெள்ளத்தில் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு தவிக்கிறவனிடம் ஓடக்காரன் கூலி கேட்கலாம். அது அவன் தொழில். ஆனால் "நீ தவிக்கிற தவிப்புக்கு இன்று பத்து மடங்கு" என்று கேட்டால், அவனை வியாபாரி என்று ஊர் சொல்லுமா? வணிகர்களுக்கான நெறியை வள்ளுவர் பொருளைச் சேர்க்கும் வழிகளைச் சொல்லும் இடத்தில் வைக்கவில்லை. நடுவு நிலைமை என்ற அதிகாரத்தில் வைத்தார். தராசைப் பிடிக்கிறவனுக்கும் தீர்ப்பு எழுதுகிறவனுக்கும் ஒரே தர்மம் என்பதுதான் அதன் பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கம்ப்யூட்டருக்கு வாங்குகிறவனின் துக்கம் தெரியாது, தேதி மட்டுமே தெரியும் என்று சமாதானம் சொல்லலாம். உண்மை. அதனால்தான் ஓடக்காரன்மீது வரும் கோபம் நமக்கு இங்கே வருவதில்லை. கோபித்துக்கொள்ள ஒரு முகமே இல்லை. ஆனால் கண்ணில்லாத தராசைச் செய்து கடையில் வைத்தவன் கண்ணுள்ள மனிதன் அல்லவா?

"துக்கம் என்று பொய் சொல்லி எல்லோரும் சலுகை கேட்பார்களே?" என்று அடுத்த ஆட்சேபம் வரும். சாவுக்குச் சான்றிதழ் உண்டு. கனடாவின் ஏர் கனடா, நெருங்கிய உறவினரின் மரணத்துக்காகப் பிரயாணம் செய்பவர்களுக்குத் தனிக் கட்டணமே வைத்திருக்கிறது. 2022-இல் பாட்டியை இழந்த ஒரு பேரன், பிரயாணத்துக்குப் பிறகும் அந்தச் சலுகையைக் கேட்கலாம் என்று கம்பெனியின் இணையதளத்திலிருந்த பதில் சொல்லும் யந்திரம் கூறியதை நம்பி டிக்கெட் வாங்கினார். பிறகு கம்பெனி மறுத்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம், யந்திரத்தின் சொல்லுக்கும் கம்பெனியே பொறுப்பு என்று சொல்லி, ஏறத்தாழ 800 கனடிய டாலர் கொடுக்கும்படி உத்தரவிட்டது. தொகை சிறியது, ஆனால் யந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்று ஒருவர் எழுத்தில் எழுதிவிட்டார்.

உச்சவரம்பு வைப்பதும் முடியாத காரியமல்ல. கொரோனாக் காலத்தில் 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை உள்நாட்டு விமானக் கட்டணங்களுக்கு நம் அரசாங்கமே மேல் எல்லையும் கீழ் எல்லையும் வகுத்திருந்தது. அரசாங்கமும் அவசரத்தை விற்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். ஆம், ரயிலில் தத்கால் டிக்கெட் 1997 முதல் இருக்கிறது. பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு அவசரமாகப் போகிறவர் தென்காசி ஸ்டேஷனில் கூடுதலாகத்தான் கொடுக்கிறார். ஆனால் அந்தக் கூடுதலுக்கு முன்பே எழுதிவைத்த ஓர் எல்லை இருக்கிறது. கவலை முற்ற முற்ற அது ஏறிக்கொண்டே போவதில்லை. அவசரத்துக்கு விலை இருக்கட்டும். அந்த விலைக்கு ஒரு கூரையும் இருக்க வேண்டும். துக்கத்துக்கு அந்தக் கூரை இன்னும் தாழ்வாக இருக்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

கம்பெனியும் அரசாங்கமும் செய்ய வேண்டியது அது. நமக்கு ஒன்றும் இல்லையா? மலிவு டிக்கெட் பிடித்தவர் அதை நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்படுவது இயற்கை. பெருமைப்படட்டும், சாமர்த்தியம் குற்றமல்ல. ஆனால் அந்தச் சாமர்த்தியத்தில் எவ்வளவு பங்கு தம் புத்தியைச் சேர்ந்தது, எவ்வளவு பங்கு தம் லீவைத் தாமே தீர்மானித்துக்கொள்ளும் பாக்கியத்தைச் சேர்ந்தது என்று ஒரு தடவை பிரித்துப் பார்க்கலாம். "இவ்வளவு கொடுத்தா வாங்கினாய்? முன்னமே வாங்கியிருக்கக் கூடாதா?" என்று அடுத்தவனைக் கேட்பதற்கு முன்னால் அவன் முகத்தையும் பார்க்கலாம். தகப்பனார் எந்தத் தேதியில் கண்மூடுவார் என்று தெரிந்து மூன்று மாதம் முன்பே டிக்கெட் எடுத்து வைக்கிற மகன் உலகத்தில் இல்லை. இருந்தால், அவனுக்கு மலிவாகக் கொடுக்க வேண்டியதும் இல்லை.