எட்டாம் நம்பர் லேத்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி போகும்வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்; ஆறு மணி ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிடுமோ என்று வயிறு கலங்கும். எண்ணூர் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் 31 வருஷம். எட்டாம் நம்பர் லேத்தில் புஷ் கடைந்தேன். அது எந்த வண்டியில் ஏறியது, எந்த ஊர் ரோட்டில் ஓடியது, தெரியாது. பலனை நினைக்காமல் கடமையைச் செய் என்பது கீதையின் போதனை. அப்படியானால் நான் கர்மயோகியா?

மாசம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., தீபாவளி போனஸ். மகள் கல்யாணத்துக்கு சொசைட்டி லோன். வெல்டிங் பட்டறை வைத்திருந்த என் தம்பிக்கு இதில் ஒன்றும் கிடையாது. ஆனால் தான் செய்த கேட்டைத் தெருவில் பார்த்தால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்வான். எனக்கோ ஆயுத பூஜை அன்று லேத்துக்குப் பொட்டு வைத்துப் பொரிகடலை பரிமாறும்போது மட்டும்தான் அது என் மிஷின். மற்ற நாளெல்லாம் நான் ஒரு டோக்கன் நம்பர்.

பலனை நினைக்காதே என்றால் எதையும் கேட்காதே என்று அர்த்தமா? பெரம்பூர் பின்னி மில் தொழிலாளிகள் சமயச் சொற்பொழிவு கேட்க ஒரு சபையில் கூடினார்கள். அதை நடத்திய செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் அவர்கள் குறைகளையும் காதுகொடுத்துக் கேட்டார்கள். 1918 ஏப்ரல் 27-இல் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பக்தி அவர்களை வாய்மூடி இருக்கச் சொல்லவில்லை.

பலன்மீதுள்ள பற்றை நானாக விட்டால்தான் அது யோகம். பிறர் பிடுங்கிக்கொண்டால் அதற்கு அந்தப் பேர் கிடையாது.

பெரிய கம்பெனியில் சேரும் பிள்ளைகளே, ஒரு நாள் அசெம்ப்ளி லைன் வரை நடந்துபோய் உங்கள் பாகம் எங்கே பொருந்துகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். நான் போகவில்லை.