காவலுக்கு வைத்த கருவி

இல்லறத்தாரிடம் நேரக்கூடிய இம்சையை நம் ஆசிரியர் பெருமக்கள் நான்காக வகுத்துக் கூறினர். கொல்ல வேண்டும் என்று கருதியே கொல்லுதல் சங்கல்ப இம்சை. அடுப்பு எரித்தல், வீடு பெருக்கல் முதலிய மனைச் செயல்களில் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு, வாணிகம் முதலிய தொழில்களில் நேர்வது உத்தியோக இம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தாரையும் தாக்க வருவோரைத் தடுக்கும்போது நேர்வது விரோத இம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தார் அறவே விடுதல் வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்ற மட்டும் சுருக்குதல் வேண்டும்.

இவ்வகுப்பைக் கொண்டே இன்று ஒரு வினா எழுப்பப்படுகின்றது. தற்காப்பின் பொருட்டு ஒருவர் தம் வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா? அரசு உரிமம் தருகின்றது. அறநூல்களும் விரோத இம்சையை இல்லறத்தார்க்கு முற்றும் விலக்கவில்லை. பின் தடை யாது? இவ்வாறு கேட்பவர் கொடியவர் அல்லர். ஆதலின் இவ்வினாவை எள்ளி ஒதுக்காமல், உண்மையான இடமொன்றையும் உண்மையான தேவையொன்றையும் முன்வைத்து ஆராய்வதே முறையாகும்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை எடுத்துக்கொள்வோம். ஜெயங்கொண்டத்தில் தீர்த்தங்கரர் திருமேனி கண்ட நாடு அது. இன்று அது மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரி நாடு. மேற்கே பச்சைமலை, இடையிடையே காப்புக் காடுகள். கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் காட்டுப் பன்றிகள் கூட்டமாக இறங்கி, ஓரிரவில் ஒரு காணி மக்காச்சோளத்தையும் சாய்த்துவிடும். தின்றதைவிட மிதித்தது மிகுதியாக இருக்கும். கடன் பட்டு விதைத்தவன் விடியலில் வரப்பின்மேல் நின்று அதைக் காணும் துன்பத்தை, வந்தவாசி, செஞ்சிப் பகுதிகளில் நிலம் உடைய நம்மவரும் அறிவர். அவன் துப்பாக்கி கேட்டால் அதனைப் பேராசை என்று கூற நமக்கு வாய் வராது.

சட்டமும் அவன் தேவையைக் கண்டுகொண்டுள்ளது. ஆங்கிலேயர் 1878இல் இயற்றிய ஆயுதச் சட்டம் இந்தியரை நம்பத்தகாதவராகக் கருதி ஆயுதமின்றி வைத்தது. அந்த இழிவை எதிர்த்தே, 1931இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் குடிமக்கள் உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆயினும் நாடு விடுதலை பெற்றபின், 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அவ்வுரிமையைக் கோரிய திருத்தம் ஏற்கப்படவில்லை. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையே அடிப்படை உரிமையாயிற்று. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியை உரிமையாக அன்றி, ஆராய்ந்து தரும் உரிமமாக வைத்தது. பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு அச்சட்டத்திலேயே இடம் உண்டு. 2019இல் வந்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

சட்டம் இவ்வளவில் நின்றுவிடும். உரிமம் உடையவரா, இல்லாதவரா என்பதே அதன் கேள்வி. அறத்தின் கேள்வி அதற்கு அப்பாலும் செல்வது.

அக்கருவியின் இயல்பைச் சற்று நோக்குவோம். வாய்வழித் துப்பாக்கியில் குழலின் வாயில் கரிமருந்தைக் கொட்டி, நார் அல்லது துணியை அடைத்து, பால்ரஸ் குண்டுகளை இட்டுக் கோலால் இடித்து இறுக்குவர். இவ்வாறு ஒருமுறை கெட்டித்துவிட்டால் திரும்ப எடுப்பது எளிதன்று. சுட்டுத்தான் காலி செய்ய வேண்டும். பன்றி வராத இரவுகளில் மருந்து கெட்டித்த துப்பாக்கியே வீடு திரும்பும். சுவரில் சாய்ந்தோ, பரணில் கிடந்தோ மறு இரவுக்குக் காத்திருக்கும். அந்தப் பகற்பொழுதில் வீட்டில் இருப்பவர் யார்? மனைவி, மக்கள், முதியோர். காவலுக்கு வைத்த கருவி பன்றியின் எதிரே இருப்பது சில கணங்கள். நம் மக்களின் நடுவே இருப்பது ஆண்டு முழுவதும்.

வயலிலும் இருள் இருக்கின்றது. புதர் அசைந்தது கண்டு பன்றி என்று சுட்டவர், அங்கே வீழ்ந்தது தம்மைப் போல் காவலுக்கு வந்த மற்றொரு மனிதர் என்று அறிந்து அலறிய செய்திகள் நம் நாட்டில் அரியன அல்ல.

பயிற்சி இல்லாதவர் கையில்தான் இவ்வாறு நேரும் என்று கூறுவோர்க்கு நார்த்தாமலையை நினைவூட்டுவோம். புதுக்கோட்டை மாவட்டத்தில், தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்ட ஆளுருட்டிமலையை உடைய அக்குன்றுகளின் பக்கத்தில், பாதுகாப்புப் படையினர் பழகும் துப்பாக்கிப் பயிற்சித் தளம் இருந்தது. 2021 டிசம்பர் 30ஆம் நாள், பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, தொலைவில் வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் ஒருவன் தலையில் குண்டு பாய்ந்து வீழ்ந்தான். 2022 ஜனவரி 3ஆம் நாள் உயிர் நீத்தான். அங்கே சுட்டவர்கள் பயின்றவர்கள், இடம் அதற்கென ஒதுக்கப்பட்டது, மேற்பார்வையும் இருந்தது, எவர்க்கும் எவர்மீதும் பகை இல்லை. அது தனியார் துப்பாக்கி அன்று என்பது உண்மையே. ஆயினும் இத்துணைக் கட்டுப்பாட்டுக்குள் இருந்த துப்பாக்கியே ஒரு குழந்தையைக் காக்க இயலாதபோது, பரணில் கிடக்கும் துப்பாக்கியை எந்தக் கட்டுப்பாடு காக்கும் என்பதே நம் வினா.

இங்கே ஒருவர் இடைமறித்து, இவை யாவும் விபத்துகள். கருத்தில்லாத இடத்தில் இம்சை ஏது என்று கேட்கலாம். யசோதர காவியம் அறிந்த நமக்கு இக்கேள்வி புதியதன்று. அங்கே அரசன் பலியிட்டது மாவினால் செய்த கோழியை. உயிர் ஒன்றும் போகவில்லை. ஆனால் கொல்லும் கருத்து இருந்தது. அதற்கே அவனும் அவன் தாயும் பல பிறவிகள் உழன்றனர். கருத்தே வினைக்கு வேர் என்பது அக்கதையின் பாடம். அப்படியாயின் கருத்தில்லாமல் உயிர் போன இடத்தில் வினை இல்லை என்று முடித்துவிடலாமோ?

முடித்துவிட நம் நூல்கள் இடம் தரவில்லை. இம்சைக்கு இலக்கணம் வகுத்த தத்துவார்த்த சூத்திரம், பிரமாதம் என்னும் சோர்வினால் உயிரைப் போக்குதலையே இம்சை என்றது. வேண்டிய விழிப்பு இல்லாமையும் மனத்தின் குற்றமே. மேலும் அந்நூலின் ஆறாம் அத்தியாயம், வினை வந்து சேர்வதற்கு நிலைக்களமாகும் உயிரில் பொருள்களைப் பற்றிப் பேசுமிடத்து, பொருளை ஆக்குதலோடு பொருளை வைத்தலையும் எண்ணியது. ஆராயாமல் ஒன்றை ஓரிடத்தில் வைப்பதும் வினை வரும் வாயில். முனிவர்க்கு ஓதப்பட்ட ஐந்து சமிதிகளுள், பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்பாயிருத்தல் ஒன்று. கமண்டலத்தை வைக்கும் இடத்தையும் நோக்கி வைக்கச் சொன்ன அறம், மருந்து கெட்டித்த துப்பாக்கியை வைப்பது பற்றி வாளாவிருக்குமா?

இல்லறத்தார்க்கும் இதற்கென ஒரு விரதம் உண்டு. குணவிரதங்களுள் அநர்த்த தண்ட விரதம் ஐவகைப் பயனற்ற தீமைகளை விலக்கச் சொல்கின்றது. அவற்றுள் ஒன்று இம்சாதானம்: வாள், நஞ்சு, தீ முதலிய கொலைக் கருவிகளைப் பிறர்க்குக் கொடுத்தல். சமந்தபத்திரர் இரத்தின கரண்டகத்தில் கூறிய இதனை, அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் கூறுகின்றது. கொடுத்தவன் கொல்லவில்லை, கொல்லக் கருதவும் இல்லை. எனினும் பொறுப்பு அவனையும் சாரும் என்பது அவ்விரதத்தின் உட்கிடை. வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர், யார்க்கும் நாம் கொடுக்கவில்லையே என்பார். குழந்தைக்கு எட்டும் இடத்தில் வைத்தல் குழந்தைக்குக் கொடுத்தலே. சினமுற்ற தம்பிக்கும், வாழ்வு கசந்த மகனுக்கும், பூட்டை உடைக்கும் திருடனுக்கும் கொடுத்தலே.

விரோத இம்சையின் எல்லை இங்கே புலனாகின்றது. தாக்க வருபவன் எதிரே நிற்கும் கணத்திற்கே அது பொருந்தும். துப்பாக்கியை வைத்திருத்தலோ ஒரு கணத்துச் செயல் அன்று. பகைவன் வாராத எல்லா நாள்களிலும் தொடர்ந்து நிகழும் செயல். என்றோ ஒரு நாள் வரக்கூடிய பகைவனைச் சுட்டி, அவன் வாராத நாள்களில் விளையும் ஆபத்திற்கெல்லாம் நியாயம் தேடுதல் பொருந்தாது. என் உயிருக்கு வரும் ஆபத்தை நான் ஏற்கலாம், மறுக்கலாம். என் துப்பாக்கியால் அயலான் குழந்தைக்கு வரும் ஆபத்தை ஏற்கும் உரிமை எனக்கு யாரும் தரவில்லை.

அரிவாளும் கொல்லும், கோடரியும் கொல்லும், அவற்றை விலக்குவீரோ என்பது அடுத்த தடை. அரிவாளுக்குக் கதிர் அறுக்கும் வேலை உண்டு. கோடரிக்கு விறகு பிளக்கும் வேலை உண்டு. துப்பாக்கிக்கு வேறு வேலை இல்லை. அரிவாளை ஓங்கியவன் எதிரியின் முகத்தைக் கண்டாக வேண்டும். துப்பாக்கி அந்த ஒரு கணத் தயக்கத்தையும் பறித்துவிடுகின்றது.

தனியார் துப்பாக்கி மிகுந்த நாடு என்னவாகும் என்பதற்கு அமெரிக்கா சான்று. 2021இல் அங்கே துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். திருடனுக்கென்று வாங்கிய குண்டு, பெரும்பாலும் வீட்டாரின் மனச்சோர்வையே கண்டுபிடித்தது. ஓரிரவு கடந்தால் தணிந்துவிடக்கூடிய துயரத்திற்கு, கைக்கெட்டும் துப்பாக்கி மறு விடியலைத் தருவதில்லை. மாறாக, ஆஸ்திரேலியாவில் 1996இல் போர்ட் ஆர்தர் என்னும் ஊரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றபின், அந்நாட்டு அரசு சட்டத்தை இறுக்கி, ஆறு லட்சத்திற்கு மேற்பட்ட துப்பாக்கிகளை மக்களிடமிருந்து விலை கொடுத்துப் பெற்று அழித்தது. கொடுத்தவருள் மிகப் பலர் ஒரு குற்றமும் செய்யாத உழவரும் வேட்டையாளருமே. தம் கருவி தீங்கு செய்ததற்காக அவர்கள் அதனைக் கொடுக்கவில்லை. தீங்கு செய்யக்கூடும் என்பதற்காகக் கொடுத்தார்கள்.

இதுகாறும் கூறியவை துப்பாக்கி வைத்திருப்பாரை இகழ்வதற்கு அல்ல. பெரம்பலூரை அடுத்த எறையூரில் வாழும் நரிக்குறவர் போன்றோர்க்கு வேட்டை தலைமுறைத் தொழிலாக இருந்தது. 1972ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. பாசிமணி விற்றும் பிற தொழில் செய்தும் அவர்கள் வாழ்வைத் தேடினர். பழங்குடியினர் பட்டியலில் இடம் பெற அவர்கள் 2023 வரை காத்திருக்க நேர்ந்தது. கருவியைக் கீழே வைக்கச் சொல்லும் சமுதாயம், அதற்கு ஈடாக வாழ்வைத் தரத் தாமதித்தால் அக்குற்றம் யாருடையது?

உழவன் திறத்திலும் இவ்வினாவே எழுகின்றது. துப்பாக்கியை விடு என்று சொல்லிவிட்டு அவன் இழப்பை அவனிடமே விட்டுவிடுவது பாதி அறமே. அனுமதி பெற்று முறையாக அமைக்கும் சூரிய மின்வேலி, கூட்டாக இருந்து காக்கும் இரவுக் காவல், வனத்துறை தரும் இழப்பீடு ஆகியவை அவனுக்கு எளிதிற் கிடைக்குமாறு செய்வது ஊராரின் கடமை. நிலத்தை வாரத்துக்கு விட்டு நகரத்தில் வாழும் நம்மவர், பன்றி அழித்த ஆண்டில் வாரத்தைக் குறைத்துக்கொள்வதும் அகிம்சையின் ஒரு பகுதியே. மின்கம்பியிலிருந்து நேரே இழுத்த திருட்டு வேலியும், தீனியில் பொதிந்து வைக்கும் அவுட்டுக்காயும் துப்பாக்கியின் உடன்பிறப்புகள். இருளில் வருவது பன்றியா, பக்கத்து வயல்காரனா என்று அவையும் பார்ப்பதில்லை.

ஆதலின் நாம் துணிவது இது. தேவை இல்லாதவர், மதிப்பிற்காகவோ அச்சத்திற்காகவோ துப்பாக்கி வாங்குதல் அணுவிரதம் ஏற்றார்க்குத் தகாது. முன்னோர் வழி வந்த துப்பாக்கியைப் பெருமைப் பொருளாகச் சுவரில் மாட்டி வைத்திருப்போர், சட்ட முறைப்படி அதனை ஒப்படைத்துவிடுதல் நன்று. முன்னோர் பெருமை அக்குழலில் இல்லை. வேறு வழியே இன்றி உரிமத்துடன் வைத்திருக்கும் உழவர், மருந்து கெட்டித்த நிலையில் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை என்றும், மருந்தும் குண்டும் துப்பாக்கியோடு ஓரிடத்தில் இரா என்றும், திறவுகோல் தம் கையைவிட்டு நீங்காது என்றும் உறுதி பூணுதல் வேண்டும். அவ்வுறுதியைக் காக்க இயலாத நாளில் உரிமத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுதல் வேண்டும்.

ஒரு தட்டில் நம் அச்சமும் மறு தட்டில் பிறர் குழந்தையின் உயிரும் இருக்கும்போது, நம் தட்டு எப்போதும் கனமாகவே நமக்குத் தோன்றும். அத்தோற்றத்தை நம்பாதிருக்கவே விரதங்கள் வகுக்கப்பட்டன. வீட்டில் அடுத்தமுறை ஒரு கருவியை எடுக்கும்போதும் வைக்கும்போதும் அதனை நினைவிற் கொள்வோமாக.