சிட்டும் சிம்பன்சியும்

பேச்சே மனிதனை மனிதனாக்குகிறது என்று அடிக்கடி சொல்லுகிறோம். இந்த அளவுகோலைச் சற்றுச் சோதித்துப் பாரும்.

ஆஸ்திரேலியாவில் ஜீப்ரா பின்ச் என்றொரு சிட்டு உண்டு. எடை ஏறக்குறைய 12 கிராம். அதன் ஆண்குஞ்சு, தகப்பன் பாடுவதைக் கேட்டு, முதலில் மழலையாய் உளறி, பிறகு திருத்தித் திருத்தி மூன்று மாதத்தில் தன் பாட்டைப் பெறுகிறது. கேட்க ஒரு பாட்டுமின்றி வளர்ந்தாலோ, அதன் பாட்டு கோணலாகிவிடும். நம் வீட்டுக் குழந்தை பேசக் கற்பதும் இவ்விதமே அன்றோ? மனிதப் பேச்சுக் குறைபாட்டோடு தொடர்புள்ளதென 2001-ல் கண்ட மரபணு ஒன்றை, 2007-ல் இச்சிட்டின் மூளையில் மட்டுப்படுத்திப் பார்த்தார்கள். குஞ்சின் பாட்டும் பிசகிற்று!

சிம்பன்சியோ இரத்தத்தில் நமக்கு மிக நெருங்கியது. ஆயினும், அமெரிக்காவில் 1947 முதல் ஹேய்ஸ் தம்பதியர் விக்கி என்ற குட்டியைத் தங்கள் பிள்ளைபோல் வளர்த்தும், அது சொல்லக் கற்றவை ‘மம்மா, பப்பா, கப்’ முதலிய ஒருசில சொற்களே. அவையும் கரகரத்த மூச்சாய்.

ஆகக் குரலால் அளந்தால் சிட்டு நமக்கு அண்டை, சிம்பன்சி தூரம். இதை ஒப்புவீரா? நான் ஒப்பேன். சிட்டின் பாட்டு பேட்டை அழைக்கும். பழம் வேண்டும் என்று கேளாது. 1966 முதல் கார்டனர் தம்பதியர் வளர்த்த வாஷோ என்ற சிம்பன்சியோ, கைச்சைகையில் நூற்றுக்கு மேற்பட்ட குறிகள் கற்றது. முதலில் கற்றவற்றுள் ஒன்று ‘இன்னும்’ என்பது! அது மொழிதானா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர்; கேட்கத் தெரிந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

நிற்க. நம் தெருவில் வாய் பேசாத பிள்ளை ஒன்று இருக்கலாம். கையால் கதைகதையாய்ச் சொல்லும் அந்தப் பிள்ளையின் தாயிடம் இந்த அளவுகோலை நீட்டத் துணிவீரா?